வலது கைக்கு வயது அதிகம்

லோரி ஓட்டுகிறவர்களின் வலது கையை
உற்றுப் பார்த்திருக்கிறீர்களா?
என்னுடையது இடது கையைவிடப்
பத்து வயது மூத்தது.
ஜன்னல் விளிம்பில் முழங்கை ஊன்றி
இருபத்தாறு வருடம்
லங்காப்பிலிருந்து ஆலைக்குச்
செம்பனைக் குலை சுமந்த வெயில் அதில் இருக்கிறது.
இடது கை கியரைப் பிடித்துக்கொண்டு
நிழலிலேயே வளர்ந்த தம்பி.

வலது காதுமடலில் ஒரு பொருக்கு.
ஐந்து காசு அகலம்கூட இல்லை.
உரிந்தது, வந்தது, உரிந்தது, வந்தது.
தெலுக் இந்தான் மருத்துவமனையில்
குளிர்ப்புகை ஊதி அதைப் பொசுக்கிய டாக்டர் யாழரசி
"இன்னும் புற்று இல்லை" என்றார்.
"வெயில் கொடுத்துவிட்டுப் போன
முன்பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்."

கறுத்த தோலுக்குக் களிம்பு எதற்கு டாக்டர்?

"கறுப்பு ஒரு குடைதான்.
ஆனால் ஓட்டைக் குடை."

மருந்துக்கடையில் மெய் யுன்
எங்கள் தமிழிலேயே கேட்டாள்:
"வெள்ளையாவுற கிரீமா அண்ணே?"
இல்லம்மா,
கறுப்பாவே இருக்குற கிரீம்.
சிரித்தபடி எடுத்து வைத்தாள்.
முப்பத்தெட்டு வெள்ளி தொண்ணூறு காசு.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த விலைக்கு அதை நான்
விபூதி மாதிரிதான் பூசினேன்.
ஒரு பயறளவு பிதுக்கி
நெற்றிக்கும் மூக்குக்கும் காதுக்கும் கைக்கும்
பங்குவைத்தேன்.
சாயங்காலம் குளிக்கும்போது
தண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்தது.
டேஷ்போர்டில் கிடந்த டியூப்
பத்தே நாளில் மோராய்த் திரிந்தது.

சண்டை போடத்தான் கடைக்குப் போனேன்.
மெய் யுன் இரண்டு விரலை நீட்டினாள்.
"அடியிலேருந்து நுனி வரைக்கும்.
அது மூஞ்சிக்கும் கழுத்துக்கும் மட்டும்.
ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா, மறுபடி."
அப்புறம் என் கையைப் பார்த்துக்
குரலைத் தாழ்த்திக்கொண்டாள்,
முதலாளி காதில் விழாதபடி:
"கைக்குச் சட்டை போடுங்க அண்ணே.
சட்டை தீந்து போவாது."

செவ்வாய்ச் சந்தையில்
மோட்டார்காரர்கள் மாட்டும் கையுறை வாங்கினேன்,
தோளிலிருந்து மணிக்கட்டு வரை, ஜோடி ஐந்து வெள்ளி.
ஒன்று கையில், ஒன்று கொடியில்.
தம்பியின் பங்கும் அண்ணனுக்கே.

இப்போது முகம் கழுவியதும் பூசிவிட்டுத்தான்
பசியாற உட்காருகிறேன்.
ரொட்டி சானாய் முடிந்து சாவியைத் திருப்பும்போது
களிம்பு தோலோடு ஒட்டியிருக்கும்.
டியூப் சீட்டுக்கடியில், தண்ணீர்ப்பெட்டியில்.
நேரம் பார்க்க எனக்குக் கடிகாரம் வேண்டாம்.
ஆலைத் தராசில் ஹஸ்லினா கிழித்துத் தரும் சீட்டில்
நிறைக்கு மேலே மணி அச்சாகியிருக்கும்.
இரண்டு நடைக்கு ஒரு தடவை
வரிசையில் நின்றபடியே
கண்ணாடியைத் திருப்பிப் பூசிக்கொள்வேன்.
பின்கழுத்து, புறங்கை, காது.
காது, காது.

வரிசை சும்மா இருக்குமா?
"என்னப்பா, ராஜா வேஷமா?" என்பான் வேதநாயகம்.
வியர்வை கோடு போட்ட வெள்ளை முகத்தோடு
நானும் ராஜா மாதிரியே கையசைப்பேன்.

போன வெள்ளிக்கிழமை ஆலையில் ஏதோ கோளாறு.
பதினேழு லோரிகள், ஒரு மரமில்லை.
குலைகள் புளிக்கத் தொடங்கிய வாடை.
வேதநாயகம் இறங்கி வந்து
என் ஜன்னலருகே நின்றான்.
ஒன்றும் பேசவில்லை.
இரண்டு விரலை நீட்டினான்.

சிகரெட் கேட்கிறான் என்று நினைத்து
விட்டுவிட்டேனே என்றேன்.
அவன் விரலை மடக்கவில்லை.

அடியிலிருந்து நுனிவரை பிதுக்கினேன்,
இரண்டு கோடு, கஞ்சத்தனமில்லாமல்.
முகத்தைத் தேய்த்துக்கொண்டே
தன் வண்டிக்கு ஏறிப் போனான்.

ஹார்னை அழுத்தினேன்.
திரும்பிப் பார்த்தான்.
காதைப் பிடித்துக் காட்டினேன்.
மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்து
பரவாயில்லை என்று கையாட்டுகிறான், மடையன்.